கிரீஸ் வைத்தார்களா, பில் மட்டும் போட்டார்களா?

மழைக்காலம் முடிந்ததும் தாம்பரம், முடிச்சூர், பெருங்களத்தூர்ப் பக்கத்து மெக்கானிக் கடைகளில் ஒரே புகாரோடு வண்டிகள் வந்து நிற்கும். "பின்னாடி டக் டக்னு சத்தம் வருது", "ஸ்பீடு பிரேக்கர்ல இடுப்பு உடையுது." ஷாக் போய்விட்டது என்று முடிவுகட்டி, ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புது மோனோ ஷாக் மாட்டிக்கொண்டு போகிறார்கள். சத்தம் மட்டும் போவதில்லை. ஷாக்கையும் ஸ்விங் ஆர்மையும் இணைக்கும் லிங்கேஜைக் கழற்றிப் பார்க்கலாம் என்று அங்கே யாருக்கும் தோன்றுவதில்லை.

எல்லா வண்டியிலும் லிங்கேஜ் கிடையாது. இரட்டை ஷாக் வண்டிகளில் இல்லை. மோனோ ஷாக் நேராக ஸ்விங் ஆர்மில் உட்காரும் வண்டிகளிலும் இல்லை. 2016-ல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனிலும் அதன் பிறகு வந்த ஹிமாலயன் 450-யிலும் உண்டு. உள்ளே இருப்பவை நீடில் பேரிங்குகள். நடுவில் ஒரு ஸ்டீல் காலர், இரண்டு பக்கமும் ரப்பர் சீல். இந்த பேரிங் முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை, முன்னும் பின்னும் கொஞ்சம் அசைகிறது, அவ்வளவுதான். அதனால் கிரீஸ் ஓரமாக ஒதுங்கிவிட, அசையும் அந்த ஒரே இடம் தேய்ந்துகொண்டே போகிறது. பின்சக்கரத்துக்கு முன்னால், வண்டியின் அடியில் இருப்பதால் தெருவில் தண்ணீர் ஏறினால் முதலில் மூழ்குவதும் இதுதான். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முழுகிய வண்டிகளுக்கு இன்ஜின் ஆயிலை மாற்றினார்கள், பிளக்கைத் துடைத்தார்கள். பேரிங்கில் புகுந்த தண்ணீர் அங்கேயே கிடந்து துருவாகியது.

மழை இல்லாத மாதங்களில் அதே கெடுதலை வாட்டர் வாஷ் செய்கிறது. பிரஷர் கன்னை அடியில் நீட்டி அடித்தால் தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போகும். சேறு போகட்டும் என்று நீங்களே அந்த இடத்தைக் காட்டி அடிக்கச் சொல்லாதீர்கள்.

சோதிப்பது எளிது. சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரத்தைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஷாக் அமுங்குவதற்கு முன்பே 'கடக்' என்று ஓர் ஆட்டம் தெரிந்தால் லிங்கேஜைக் கழற்ற வேண்டும். பக்கவாட்டில் ஆடினால் ஸ்விங் ஆர்ம் பேரிங்கையோ சக்கர பேரிங்கையோ பாருங்கள். ஆட்டமே இல்லை, ஆனால் சவாரி கட்டை போல இருக்கிறது என்றால் அதையும் நம்பாதீர்கள். துருப்பிடித்து இறுகிய பேரிங்கிலும் ஆட்டம் தெரியாது.

கழற்றும்போது லிங்கேஜ் மேல் பாரம் இருக்கக் கூடாது. பாரத்தோடு போல்ட்டைச் சுத்தியலால் அடித்து மரையைக் கெடுத்தவர்கள் ஏராளம். காலரை உருவி, பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காய வையுங்கள். ஊசிகளில் பழுப்புக் கறையோ குழியோ இருந்தால் பேரிங்கை மாற்றத்தான் வேண்டும், கிரீஸ் அதைக் காப்பாற்றாது. நல்ல நிலையில் இருந்தால் தண்ணீர் தாங்கும் கிரீஸை ஊசிகளுக்கு இடையே விரலால் அழுத்தி நிரப்பி, சீல் உதட்டிலும் தடவ வேண்டும். போல்ட்டை முறுக்க சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவும் டார்க் ரெஞ்சும் தேவை. கை பலத்தை நம்ப வேண்டாம். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை, தண்ணீரில் முழுகினால் உடனே.

வீட்டில் செய்ய முடியாதவர்கள் சர்வீஸ் சென்டரை நம்புகிறார்கள். ஏமாற்றம் அங்கேதான் நடக்கிறது. "ஜெனரல் சர்வீஸ்" என்ற இரண்டு சொல்லுக்குள் லிங்கேஜ் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் "லிங்கேஜ் கழற்றி கிரீஸ் வைக்கவும்" என்று தனி வரியாக எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது. பேரிங் மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்குங்கள். பில் கட்டாயம் கேளுங்கள். உரிய பில் தராததே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக முறை.

வேலை செய்யாமலே பணம் வாங்கியிருந்தால், முதலில் சர்வீஸ் சென்டருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அது சமரசம் பேசும், உத்தரவு போடாது. 1915-இல் புகார் பதிந்துவிட்டு அதோடு காத்திருந்து காலத்தைக் கடத்துகிறவர்கள் அதிகம். உத்தரவு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு போட வேண்டும். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. தாம்பரம், பல்லாவரம், வண்டலூர்வாசிகளுக்குச் செங்கல்பட்டு. முடிச்சூரை ஒட்டிய வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டம், வேளச்சேரியும் மடிப்பாக்கமும் சென்னை மாவட்டம். ஆதார் முகவரியைப் பார்த்துவிட்டுப் போங்கள். ஜாப் கார்டு நகல், பில், அனுப்பிய புகார், பழைய பேரிங்கின் படம், சக்கரம் ஆடுவதைக் காட்டும் வீடியோ எல்லாம் கையில் இருக்கட்டும். குறை நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.