பார்த்தால் ஒட்டுமா 'மெட்ராஸ் ஐ'?

கார்த்திகை தீபத் திருநாள். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுவதும் கூட்டம். கறுப்புக் கண்ணாடி அணிந்த ஒருவர் எதிரே வருகிறார். "மெட்ராஸ் ஐ! அவரைப் பார்க்காதே, ஒட்டிக்கொள்ளும்!" என்று யாரோ சொல்ல, பலரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். பார்வையால் நோய் பரவுமா?

நிச்சயமாகப் பரவாது. எப்படி என்று பார்ப்போம்.

கண் சிவப்பது ஏன்?

இமையின் உட்புறத்தையும் விழியின் வெண்பகுதியையும் ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியுள்ளது. இதுவே விழிவெண்படலம். இதில் கிருமி தொற்றியதும் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, கண் சிவக்கிறது. மணல் விழுந்தாற்போல் உறுத்தும், நீர் வடியும், காலையில் இமைகள் ஒட்டிக்கொள்ளும்.

பெரும்பாலும் இதற்குக் காரணம் அடினோ வைரஸ். இதை விஞ்ஞானிகள் 1953-இல் கண்டறிந்தனர். வேறு வைரஸ்களும் உண்டு. 1971-இல் கல்கத்தாவில் பரவிய கண்நோய் ஒரு என்டரோ வைரஸால் வந்தது. வங்கதேசப் போர்க்காலம் அது. மக்கள் அந்நோய்க்கு 'ஜெய் பங்களா' என்றே பெயரிட்டனர்!

எப்படிப் பரவுகிறது?

நோயாளி கண்ணைக் கசக்குகிறார். அதே கையால் பேருந்துக் கம்பியைப் பிடிக்கிறார். அடினோ வைரஸ் அங்கே பல நாட்கள் உயிர்ப்புடன் இருக்கும். அடுத்து அக்கம்பியைத் தொடுபவர் தம் கண்ணைத் தொட்டால் போதும். துண்டு, தலையணை உறை, கண்மை ஆகியவையும் நோயைச் சுமக்கும். கறுப்புக் கண்ணாடி கண் கூச்சத்தைக் குறைக்குமே தவிர, நோய் பரவுவதைத் தடுக்காது.

சிகிச்சை என்ன?

வைரஸ் நோய் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தானே குணமாகும். குளிர்ந்த ஒத்தடம் இதம் தரும். ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து பாக்டீரியாவைத்தான் அழிக்கும், வைரஸை அழிக்காது. கெட்டியான மஞ்சள் பீளை தொடர்ந்து வந்தால் பாக்டீரியா காரணமாக இருக்கலாம். அதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

தாய்ப்பால், மூலிகைச்சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள். மருத்துவரைக் கேட்காமல் கடையில் வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து இன்னும் ஆபத்தானது. சிவப்பு விரைவில் மறையும். ஆனால் கருவிழியில் வேறு கிருமி இருந்தால் அது பெருகி, பார்வையே போகலாம். கடும் வலி, பார்வை மங்கல், வெளிச்சத்தில் தாங்க முடியாத கூச்சம் இருந்தால் உடனே கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.

செய்து பாருங்கள்

உங்கள் நண்பர் அறியாமல், பத்து நிமிடங்களில் அவர் தம் முகத்தை எத்தனை முறை தொடுகிறார் என்று எண்ணுங்கள். பிறகு உங்களை எண்ணச் சொல்லுங்கள். சோப்பு போட்டுக் கை கழுவுவதே ஏன் முதல் மருந்து என்பது அப்போது விளங்கும்.