ஹேங் ஆகும் கடந்த காலம்

பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு பாதியில் நின்றுபோனால் பழி புதிய கம்ப்யூட்டர் மீது விழுகிறது. பெரும்பாலும் குற்றவாளி வேறு.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அலமாரியின் அடித்தட்டிலிருந்து கீறல் விழுந்த சிடி ஒன்று வெளியே வருகிறது. அப்பாவின் கல்லூரி நாட்களில் தூக்கத்தைக் கெடுத்த விளையாட்டு. இப்போது மகனுக்குக் காட்ட வேண்டும். பத்து நிமிடம் எல்லாம் ஒழுங்காகப் போகிறது. திடீரென்று திரை அப்படியே நிற்கிறது. ஸ்பீக்கரில் ஒரே சத்தம் திரும்பத் திரும்பக் கிர்ரென்கிறது. மவுஸ் அசைய மறுக்கிறது.

அடுத்து நடப்பதுதான் சோகம். 'விண்டோஸை மறுபடி போடு' என்கிறார் ஒருவர். 'கிராஃபிக்ஸ் கார்டை மாற்று' என்கிறார் இன்னொருவர். டெல்லி நேரு பிளேஸிலோ சென்னை ரிச்சி தெருவிலோ ஆயிரக்கணக்கில் செலவழிக்கக் குடும்பம் தயாராகிறது. ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்யும் அவசரத்தில் கல்யாண போட்டோக்களும் காணாமல் போகலாம். இத்தனைக்கும் கம்ப்யூட்டரில் ஒரு குறையும் இல்லாமலிருக்கலாம். விளையாட்டை எழுதியவர்கள் தங்கள் காலத்து இயந்திரத்தின் மீது வைத்த நம்பிக்கைதான் பொய்த்திருக்கும்.

முதல் நம்பிக்கை, வேகம். 1981ல் வந்த ஐபிஎம் பி.சி.யின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அன்றைய விளையாட்டுகள் பல அந்த வேகத்தையே கடிகாரமாக வைத்துக்கொண்டன. வேகமான இயந்திரங்கள் வந்ததும் ஆட்டம் தறிகெட்டு ஓடியது. கேபினட்டில் 'டர்போ' பட்டன் முளைத்தது இதற்காகத்தான். பெயர்தான் டர்போ, அது செய்த வேலை வேகத்தைக் குறைப்பது.

டர்போ பாஸ்கல் மொழியில் எழுதிய புரோகிராம்களுக்கு வேறு கண்டம் காத்திருந்தது. கடிகாரத்தின் ஒரு துடிப்பு, அதாவது சுமார் 55 மில்லிசெகண்டு. அதற்குள் பிராசஸரால் எத்தனை முறை எண்ண முடிகிறது என்று புரோகிராம் தொடக்கத்திலேயே பார்த்து, அதை 55 ஆல் வகுக்கும். விடை 65,535ஐத் தாண்டினால் வைக்க இடமில்லை. 200 மெகாஹெர்ட்ஸ் அளவிலான பிராசஸர்கள் வந்தபோது விடை தாண்டியது. 'பூஜ்யத்தால் வகுத்தல், பிழை எண் 200' என்று புலம்பிவிட்டு புரோகிராம் உயிரை விட்டது. உண்மையில் யாரும் பூஜ்யத்தால் வகுக்கவில்லை. கம்ப்யூட்டர் அளவுக்கு மீறி வேகமாக இருந்ததுதான் குற்றம்.

இரண்டாவது நம்பிக்கை, ஒற்றை மூளை. 2005ல் இரட்டைக் கோர் பிராசஸர்கள் மேஜைக் கம்ப்யூட்டர்களுக்கு வந்தன. பிராசஸரின் உள் எண்ணியைப் பார்த்து நேரம் அறிந்த விளையாட்டுகளுக்கு ஒரு கோர் ஒரு நேரமும் மற்றது வேறு நேரமும் சொன்னது. காலம் பின்னோக்கி ஓடினால் எந்த விளையாட்டுதான் தாங்கும்? சில திக்கின, சில உறைந்தன.

மூன்றாவது, காசு கொடுத்து வாங்கியவருக்கே விழும் அடி. போலி சிடிகளைத் தடுக்க 'சேஃப்டிஸ்க்' என்ற பூட்டு அந்நாளில் பல விளையாட்டுகளில் இருந்தது. அது பாதுகாப்பு ஓட்டை என்று 2015ல் வந்த விண்டோஸ் 10ல் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. விளைவு, ஒரிஜினல் சிடி தொடங்கவே மறுக்கிறது. பூட்டை உடைத்த திருட்டுப் பிரதிக்கு அந்தக் கவலை இல்லை.

எல்லாவற்றையும் மிஞ்சும் கதை 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்'. 2005ல் பி.சி.க்கு வந்த அந்த விளையாட்டில் ஸ்கிம்மர் என்று ஒரு கடல் விமானம். 2024ல் விண்டோஸ் 11ன் 24எச்2 பதிப்பு வந்தபின் அது மாயமானது. வலுக்கட்டாயமாக வரவழைத்தால் ஏறியவரை எட்டாத உயரத்துக்குத் தூக்கி வீசியது. மைக்ரோசாஃப்டைத்தான் எல்லோரும் திட்டினார்கள். 2025ல் உண்மை தெரிந்தது. முந்தைய 'வைஸ் சிட்டி'யில் இதே ஸ்கிம்மர் படகாகப் பதிவாகியிருந்தது. படகுக்குச் சக்கரம் எதற்கு? விமானமாக மாற்றியவர்கள் சக்கர அளவை எழுத மறந்துவிட்டார்கள். பட்டியலில் அதற்கு முன்னால் இருந்த வேனின் சக்கர அளவு மெமரியில் மிச்சமிருந்ததால் சுமார் 20 ஆண்டுகள் வண்டி ஓடியது. புதிய விண்டோஸ் தன் வேலைக்கு அந்த இடத்தைப் பயன்படுத்தியதும் குட்டு உடைந்தது.

ஆகவே ஸ்குரூ டிரைவரைத் தேடுமுன் கவனிக்க வேண்டியது, ஆட்டம் எப்போது நிற்கிறது என்பதை. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் என்றால் சந்தேகம் சிடியின் கீறல் மீதோ பழுதான ஃபைல் மீதோ விழ வேண்டும். நேரம் காலமில்லாமல் நின்றால், மற்ற வேலைகளின்போதும் கம்ப்யூட்டர் நிற்கிறதா என்று பார்ப்பது நல்லது. நின்றால் சூடு, தூசி அடைத்த ஃபேன், பவர் சப்ளை, டிரைவர் என்று தேடலாம். அந்த ஒரு விளையாட்டு மட்டும் நின்றால் நோய் அதனுடையதாகத்தான் இருக்கும்.

சிகிச்சைக்குச் செலவில்லை. முதலில் சேவ் ஃபைல்களுக்கு ஒரு பிரதி. விளையாட்டின் ஃபோல்டரில் இல்லாவிட்டால் அவை டாக்குமெண்ட்ஸிலோ விர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஒளிவிடத்திலோ இருக்கலாம். பிறகு பழைய விண்டோஸ் போல நடிக்கவைக்கும் கம்பேட்டிபிலிட்டி மோட். அதுவும் பலிக்காவிட்டால் டாஸ்க் மேனேஜரில் அஃபினிட்டிக்குப் போய் ஒரே ஒரு கோரை மட்டும் ஒதுக்கலாம். டாஸ் காலத்து விளையாட்டுக்கு இலவச டாஸ்பாக்ஸ் போதும்; கன்ட்ரோலுடன் எஃப்11 வேகத்தைக் குறைக்கும், எஃப்12 கூட்டும். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் என்பது முக்கியம். நான்கைச் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது.

ஞாயிறு மாலைக்குள் வேலை முடிந்துவிடலாம். அதுவரை மகன் மொபைலைக் கையில் எடுக்காமல் இருந்தால்.