மண்ணுக்குள் ஒரு படை

சீனாவில் ஷான்சி மாகாணத்தில் ஷியான் என்ற நகரம் இருக்கிறது. அதற்குக் கிழக்கே, லிஷான் மலையடிவாரத்தில் உள்ள ஒரு சிற்றூரில் 1974-ஆம் ஆண்டு மார்ச் மாதம் விவசாயிகள் சிலர் கிணறு தோண்டிக் கொண்டிருந்தனர். தண்ணீருக்கு முன்னால் சுடுமண் துண்டுகள் வந்தன. பிறகு மனிதத் தலை ஒன்று வந்தது, அதுவும் சுடுமண்ணே. கூடவே வெண்கல அம்பு முனைகளும் கிடைத்தன. செய்தி தொல்பொருள் ஆய்வாளர்களுக்கு எட்டியது. அவர்கள் வந்து தோண்டத் தோண்ட, ஒரு படையே வரிசை வரிசையாக நிற்பது தெரிந்தது.

யாருடைய படை அது? அங்கிருந்து மேற்கே ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் குன்று போன்ற மண்மேடு ஒன்று உண்டு. சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் கல்லறை அது. ஆகவே, அந்தக் கேள்விக்கு விடை காண்பது கடினமாக இல்லை.

சின் ஷி ஹுவாங் பதின்மூன்று வயதில், கி.மு. 246-இல், சின் நாட்டின் அரியணை ஏறினார். சீனா அப்போது ஒரே நாடாக இல்லை. ஏழு அரசுகள் ஓயாமல் போரிட்டுக் கொண்டிருந்தன. மற்ற ஆறையும் ஒன்றன்பின் ஒன்றாக வென்று கி.மு. 221-இல் அவர் பேரரசர் ஆனார். நாட்டை 36 மாவட்டங்களாகப் பிரித்துத் தம் அதிகாரிகளை நியமித்தார். எடை, அளவு, நாணயம், எழுத்து எல்லாவற்றையும் ஒரே சீராக்கினார். வண்டிகளின் அச்சு நீளத்தைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை! மண்சாலையில் சக்கரங்கள் பதிக்கும் தடம் எல்லா ஊர்களிலும் ஒரே அகலத்தில் இருந்தால்தானே ஓர் ஊர் வண்டி மறு ஊர்ச் சாலையில் தடையின்றி ஓடும்? வடக்கே முன்பே இருந்த எல்லைச் சுவர்களை இணைத்து நெடுஞ்சுவர் எழுப்பியதும் அவர் காலத்தில்தான். நாம் இன்று படங்களில் காணும் சீனப் பெருஞ்சுவரில் பெரும்பகுதி அது அன்று. பல நூற்றாண்டுகளுக்குப் பின் மிங் மன்னர்கள் கட்டியது.

இவ்வளவும் செய்தவர் நூல்களை எரிக்கவும் ஆணையிட்டார். அது கி.மு. 213-இல். அவருடைய ஆட்சியை மெச்சுவோர் இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

களிமண் வீரர்கள்

வீரர்கள் நிற்கும் குழிகள் மூன்று. முதற் குழி 230 மீட்டர் நீளமும் 62 மீட்டர் அகலமும் கொண்டது. மூன்று குழிகளிலும் சேர்த்து ஏறத்தாழ எண்ணாயிரம் வீரர்கள் இருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் இன்னும் மண்ணுக்குள்ளேயே இருக்கின்றனர். ஒவ்வொருவரும் ஆள் உயரம். முகங்களைப் பாருங்கள், ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை.

இத்தனை உருவங்களை எப்படிச் செய்தார்கள்? களிமண்ணைத் திரிகளாக உருட்டி, வளையம் வளையமாக அடுக்கி உடலை எழுப்பினார்கள். உள்ளே கூடாக விட்டதால் சூளையில் வெடிக்காமல் வெந்தது. தலைகளையும் கைகளையும் தனியே செய்தார்கள். தலைக்கு அச்சு உண்டு. ஆனால் அச்சிலிருந்து எடுத்த பின் மீசை, காது, புருவம், கொண்டை ஆகியவற்றைக் கையாலேயே திருத்தினார்கள். அதனால்தான் முகத்துக்கு முகம் வேற்றுமை.

பல சிலைகளில், கண்ணில் படாத இடத்தில், அதைச் செய்த கைவினைஞரின் பெயர் பதிந்திருக்கிறது. புகழுக்காக அல்ல. வேலையில் குறை இருந்தால் பொறுப்பாளியைக் கண்டுபிடிக்கத்தான்! கல்லறை வேலைக்கு ஏழு லட்சம் பேர் அனுப்பப்பட்டனர் என்று, நூறாண்டுகளுக்குப் பின் எழுதிய சிமா சியென் என்ற வரலாற்றாசிரியர் குறிப்பிடுகிறார். எண்ணிக்கை எப்படியிருப்பினும் அவர்கள் பட்ட பாட்டுக்குச் சான்று உண்டு. கல்லறைக்கு அருகே தொழிலாளர்களின் புதைகுழிகள் அகப்பட்டுள்ளன. உடைந்த ஓட்டில் இறந்தவரின் பெயரையும் ஊரையும் கீறி எலும்புக்கூட்டின்மேல் வைத்திருக்கிறார்கள். வீரர் சிலைகளுக்குக் கிடைத்த இடம்கூட அவற்றைச் செய்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

குரோமியம் வந்த வழி

வீரர்களோடு சுமார் நாற்பதாயிரம் வெண்கல அம்பு முனைகளும், வாள்களும், ஈட்டிகளும் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுகள் மண்ணில் கிடந்தும் பல ஆயுதங்கள் பளபளப்பு மாறாமல் இருந்தன. ஆராய்ந்தபோது மேற்பரப்பில் குரோமியம் தென்பட்டது. குரோமிய முலாம் பூசுவது இருபதாம் நூற்றாண்டில் தொழிற்சாலைகளுக்கு வந்த முறை. அதைப் பண்டைய சீனர் அறிந்திருந்தார்களா? ஆம் என்றே நீண்ட காலம் பல நூல்களில் எழுதப்பட்டது.

2019-இல் வெளியான ஆய்வு இதைத் தலைகீழாக்கியது. நானூற்றுக்கும் மேற்பட்ட ஆயுத உறுப்புகளைச் சோதித்ததில், பத்தில் ஒன்றில்கூடக் குரோமியம் இல்லை. பளிச்சென்று இருந்தவற்றில் பலவற்றிலும் அது இல்லை. இருந்த இடங்களோ, மரப்பிடியும் காம்பும் பொருந்தும் பகுதிகள். மரத்துக்குப் பூசிய மெருகுப் பாலில் இருந்த குரோமியம் அது. மரம் மக்கியபோது அருகிலிருந்த உலோகத்தில் ஒட்டிக்கொண்டது. அப்படியானால் ஆயுதங்களைக் காத்தது எது? வெண்கலத்தில் வெள்ளீயம் மிகுதியாக இருந்ததும், சிறிது காரத்தன்மையுள்ள அப்பகுதியின் நுண்ணிய மண்ணுமே முக்கியக் காரணங்களாகத் தெரிகின்றன. முலாம் கதை சுவையானதுதான். ஆனால் சோதனைக்கு முன் அது நிற்கவில்லை.

அந்த மெருகுப் பால் ஒருவகை மரத்தைக் கீறி எடுப்பது. நம் ஊர் அரக்கு பூச்சியிலிருந்து வருவது. இரண்டையும் குழப்பிக் கொள்ளக் கூடாது. சிலைகளின்மேலும் முதலில் அந்தப் பாலைப் பூசி, அதன்மேல் சிவப்பு, பச்சை, ஊதா வண்ணங்களைத் தீட்டியிருந்தார்கள். ஊதா நிறம் பேரியம், செம்பு, சிலிக்கா சேர்ந்த கூட்டுப்பொருள். அதைச் சூளையில் கடும் வெப்பத்தில் வைத்துச் செயற்கையாகவே தயாரித்தார்கள்.

இன்று நாம் காணும் வீரர்களிடம் அந்த வண்ணம் ஏன் இல்லை? ஈர மண்ணில் கிடந்த மெருகுப் படலம் வெளிக்காற்று பட்டதும் நீரை இழந்து சுருங்குகிறது. சில நிமிடங்களிலேயே சுருண்டு, வண்ணத்தையும் உரித்துக்கொண்டு உதிர்ந்துவிடுகிறது! பாலிஎதிலீன் கிளைக்கால் என்ற பொருளைப் படலத்தில் ஊறவைத்து, நீரின் இடத்தை அதைக் கொண்டு நிரப்பிக் காக்கும் முறையைச் சீன, ஜெர்மானிய வல்லுநர்கள் பின்னர் வகுத்தனர். முதலில் வெளிவந்த வீரர்களுக்கு அது காலங்கடந்த மருந்து.

பாதரச ஆறுகள்

பேரரசரின் உடல் உள்ள அறையை இன்றுவரை யாரும் திறக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது? நாட்டின் ஆறுகளையும் கடலையும் போலப் பாதரசத்தை ஓடவிட்டிருந்தார்கள், மேற்கூரையில் விண்மீன்களை அமைத்திருந்தார்கள், திருடர்மேல் தானே அம்பெய்யும் வில்களைப் பொருத்தியிருந்தார்கள் என்று சிமா சியென் எழுதியிருக்கிறார். கேட்பதற்குக் கட்டுக்கதை போலத்தான் இருக்கிறது.

1980-களின் தொடக்கத்தில் விஞ்ஞானிகள் மேட்டின் மேல் பல இடங்களில் மண் எடுத்துச் சோதித்தனர். நடுப்பகுதியில் மட்டும் பாதரசம் சுற்றுப்புறத்தைவிடப் பல மடங்கு இருந்தது! சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும் உலோகம் பாதரசம். அந்த ஆவி மண்ணின் இடுக்குகள் வழியே மெல்ல மேலேறக்கூடும். 2020-இல் வெளியான மற்றோர் ஆய்வில், மேட்டின்மேலுள்ள காற்றில் லேசர் ஒளியைச் செலுத்தி அளந்தார்கள். காற்றிலும் பாதரசம் வழக்கத்தைவிட அதிகம். அந்நாளில் பாதரசம் எடுத்தது சாதிலிங்கத்தை வறுத்துத்தான். கந்தகம் பிரிந்து போகப் பாதரசம் தனித்து நிற்கும். அந்தத் தாதுவும் சீனாவில் நிறையக் கிடைத்தது. வில்கள் பற்றியும் விண்மீன்கள் பற்றியும் எந்தக் கருவியும் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

கி.மு. 210-இல், தம் 49-ஆம் வயதில், சாவை வெல்லும் மருந்தைத் தேடிய அப்பேரரசர் பயணத்தின்போதே இறந்தார். நான்கே ஆண்டுகளில் அவருடைய பேரரசும் சரிந்தது. கலகப்படையினர் குழிகளுக்குத் தீ வைத்ததாகச் சொல்வார்கள். கருகிய உத்தரங்கள் இன்றும் அங்கே கிடக்கின்றன. கல்லறை அறையை மட்டும் திறக்கச் சீன ஆய்வாளர்கள் அவசரப்படவில்லை. வண்ணம் உரிந்த வீரர்கள் எதிரிலேயே நிற்கிறார்களே. உள்ளே பட்டோ, ஓலைச் சுருளோ, ஓவியமோ இருந்தால் காற்றுப்பட்ட மறுகணமே அவற்றைக் காக்கும் வழி கையில் இருக்க வேண்டும். அதுவரை மேட்டின் வெளியிலிருந்தே அளவைகள் நடைபெறுகின்றன.