பாதியில் நிறுத்தும் வித்தை

மீன்வலை, கொடிக்கயிறு, லாரி டயருக்குள் மறைந்திருக்கும் நூல் என்று நைலான் எங்கெங்கோ இருக்கிறது. அதன் பூர்வீகத்தைத் தேடிப் போனால் பெரும்பாலும் சைக்ளோஹெக்ஸேன் என்ற நிறமற்ற திரவத்தில் போய் நிற்க வேண்டியிருக்கும். ஆறு கார்பன் அணுக்கள் வளையமாகக் கைகோத்த மூலக்கூறு அது. பெட்ரோலைப் போலவே சட்டென்று தீப்பற்றும். நைலானுக்கு வேண்டியது இந்த வளையத்தின் மேல் ஒரே ஓர் ஆக்சிஜன் அணு. அந்த ஒன்றைப் பொருத்தத்தான் இவ்வளவு பெரிய ஆலைகள்.

சைக்ளோஹெக்ஸேனை உயர் அழுத்தத்தில் ஏறக்குறைய 150 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, அதனுள் காற்றை ஊதுகிறார்கள். சைக்ளோஹெக்ஸனால் என்ற ஆல்கஹாலும் சைக்ளோஹெக்ஸனோன் என்ற கீட்டோனும் கிடைக்கின்றன. இரண்டும் கலந்த கலவைக்கு ஆலைகளில் 'கே.ஏ. ஆயில்' என்று பெயர்.

சொல்ல எளிது. ஆனால் ஆக்சிஜனைக் கண்டால் மூலப்பொருளைவிட விளைபொருள்தான் அதிகம் பாய்கிறது. சும்மா விட்டால் ஆல்கஹாலும் கீட்டோனும் அமிலங்களாகி, கடைசியில் கார்பன் டை ஆக்சைடாகவே போய்விடும். அதனால், பதம் தப்புமுன் அதிரசப் பாகை இறக்குவதுபோல, நூற்றில் நான்கு முதல் ஆறு பங்கு மாறியதுமே வினையை நிறுத்திவிடுகிறார்கள். மிச்சம் தொண்ணூற்றைந்து பங்கைக் காய்ச்சி வடித்து மறுபடி உலைக்கு அனுப்ப வேண்டும். வேறெந்தத் தொழிலிலாவது இப்படி ஒரு கணக்கைச் சொன்னால் முதலாளி விரட்டியடித்திருப்பார்.

இப்படி இறக்கும் திரவத்தில் இன்னொரு சரக்கும் இருக்கிறது: சைக்ளோஹெக்ஸைல் ஹைட்ரோபெராக்சைடு. வளையத்தின் மேல் ஒன்றுக்கு இரண்டாக ஆக்சிஜன் அணுக்கள் ஒட்டிய, நிலையற்ற பொருள். அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள பிணைப்பு பலவீனமானது. சூட்டில் அது தானாக உடைந்தால் எதெதுவோ உண்டாகும். ஆகவே பல ஆலைகளில் பெராக்சைடை முதலில் வேண்டுமென்றே சேரவிட்டு, பிறகு வேறொரு கலத்தில், சூட்டைக் குறைத்து, வினையூக்கியைக் கொண்டு உடைக்கிறார்கள்.

அந்த வேலைக்கு ஏற்றது கோபால்ட். அதன் அயனி ஓர் எலெக்ட்ரானைக் கொடுத்து ஒரு பெராக்சைடு மூலக்கூறை உடைக்கிறது. அடுத்த மூலக்கூறிடமிருந்து ஓர் எலெக்ட்ரானைத் திரும்ப வாங்கிக்கொண்டு பழைய நிலைக்கு வருகிறது. கொடுக்கல் வாங்கல் நேராகிவிடுவதால் துளி கோபால்ட் நெடுநேரம் உழைக்கும். உடைந்து வரும் துண்டு பக்கத்திலிருக்கும் சைக்ளோஹெக்ஸேனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கி ஆல்கஹாலாகிறது. ஹைட்ரஜனை இழந்த அந்த வளையமும் வினைக்குள் வந்துவிடுவது கூடுதல் லாபம். கோபால்ட்டோடு காஸ்டிக் சோடாக் கரைசலையும் சேர்ப்பதுண்டு. அப்போது கீட்டோனின் பங்கு கூடும், அமிலங்களும் கழுவப்படும். ஆனால் காரம் மிஞ்சினால் கீட்டோன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வீணாகும்.

கழுவி எடுத்த அமிலங்களும் குப்பை அல்ல. அடிபிக் அமிலம், ஹைட்ராக்சி கேப்ராயிக் அமிலம் ஆகியவை கலந்த அந்த நீரை ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். போன்ற நிறுவனங்கள் கவனித்தன. அமிலங்களை எஸ்டராக்கி, தாமிரம் கலந்த வினையூக்கியின் மேல் ஹைட்ரஜனோடு சேர்த்தால் ஹெக்ஸேன்டையால் என்ற ஆல்கஹால் வருகிறது. பாலியூரித்தேனுக்கும் பூச்சுகளுக்கும் வேண்டிய சரக்கு அது.

இந்தத் தொழிலின் உண்மையான விலை 1974 ஜூன் 1 அன்று தெரிந்தது. இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோவில் நைப்ரோ நிறுவனத்தின் ஆலையில் ஆறு உலைகள் வரிசையாக இருந்தன. ஐந்தாவதில் விரிசல் கண்டதால் அதைக் கழற்றிவிட்டு, நான்காவதையும் ஆறாவதையும் ஒரு தற்காலிகக் குழாயால் இணைத்திருந்தார்கள். அதற்கு முறையான வரைபடம் கிடையாது. பட்டறைத் தரையில் சாக்பீஸால் போட்ட கோடுகள்தான். குழாய் பிய்த்துக்கொண்டு போனது. கசிந்த ஆவி மேகமாகத் திரண்டு வெடித்ததில் 28 பேர் இறந்தார்கள். சனிக்கிழமை என்பதால் அலுவலகங்களில் ஆளில்லை; இல்லாவிட்டால் எண்ணிக்கை இன்னும் ஏறியிருக்கும். பழி குழாயின் மேல் விழுந்தது, சரிதான். ஆனால் அவ்வளவு சூடான சைக்ளோஹெக்ஸேன் அங்கே ஏன் சுற்றிக்கொண்டிருந்தது? ஒவ்வொரு சுற்றிலும் சில சதவீதமே மாறுவதால்தான். பாதுகாப்புப் பொறியாளர் டிரெவர் கிளெட்ஸ் பின்னாளில் ஓயாமல் வலியுறுத்தியது இதைத்தான்: ஆலையில் இல்லாத பொருள் கசிய முடியாது.

மீண்டும் கட்டிய ஃபிளிக்ஸ்பரோ ஆலை, பீனாலிலிருந்து கீட்டோன் தயாரிக்கும் வழிக்கு மாறியது. ஜப்பானின் அசாஹி கசெய் நிறுவனமோ காற்றையே தவிர்த்துவிட்டது. 1990இல் மிசுஷிமாவில் தொடங்கிய அதன் ஆலையில் ருத்தேனியம் வினையூக்கி பென்சீனைச் சைக்ளோஹெக்ஸீனாக்குகிறது. பிறகு சியோலைட் வினையூக்கி அதில் தண்ணீரைச் சேர்த்து ஆல்கஹாலாக்குகிறது. இதிலும் ஒரு சுற்றில் கொஞ்சம்தான் மாறும், மீதி திரும்பவும் சுற்ற வேண்டும். ஆனால் முதல் கட்டத்தில் துணைப்பொருளாக வருவது பெரும்பாலும் சைக்ளோஹெக்ஸேன்தான், அதை வாங்க ஆளுண்டு.