உத்திரமேரூர் வாசலுக்கு ஏற்ற மரம்

உத்திரமேரூர் என்றதும் குடவோலைத் தேர்தல்தான் எல்லோர் நினைவுக்கும் வரும். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட, அந்தத் தேர்தலைச் சொல்லும் கல்வெட்டுகள் இன்னொன்றையும் சொல்கின்றன. ஏரி வாரியத்துக்கு 6 பேர். தோட்ட வாரியத்துக்கு 12 பேர். தோட்டத்துக்கு ஏரியைப் போல இரண்டு மடங்கு ஆட்களை ஒதுக்கிய ஊர் இது!

அப்படிப்பட்ட ஊரில் இன்று புது வீடு கட்டுகிறவர்கள் சிலர், படங்களில் பார்த்த ஓக் மரத்தை வாசலில் வளர்க்க ஆசைப்படுகிறார்கள். ஓக் குளிர்ப் பிரதேசத்துக்குப் பழகிய மரம். இமயமலைச் சரிவுகளில் காடாக நிற்கிறது. தென்னிந்தியக் காடுகளில் இயற்கையாக இல்லை. நம் சித்திரை வெயிலில் அதை வளர்ப்பது வீண்பாடு. நர்சரியில் ‘சில்வர் ஓக்’ என்று கொடுப்பது ஓக்கே அல்ல. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் ஆஸ்திரேலிய மரம். காற்றில் கிளை முறியும். 2016 டிசம்பரில் வர்தா புயலைக் கண்ட மாவட்டத்தில், வீட்டை ஒட்டி அதை நடவே கூடாது.

அடர்ந்த நிழலும் உறுதியான கட்டையும் வேண்டுமென்றால் மகிழம் இருக்கிறது. திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலின் தலமரம் அது. இலை முழுதாக உதிர்ந்து மொட்டையாக நிற்காது. உதிர்ந்த பூ காய்ந்த பிறகும் மணக்கும். பழத்துக்குப் பறவைகள் தேடி வரும்.

புரட்டாசியில் நட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையிலேயே வேர் பிடித்துவிடும். சுவரிலிருந்து பதினைந்து அடியாவது தள்ளி, மூன்றடிக் குழி எடுங்கள். தொழுவுரமும் வேப்பம்புண்ணாக்கும் கலந்த மண்ணை நிரப்புங்கள். கரையான் தொல்லை குறையும். பைக்குள் வேர் சுருண்டிருந்தால் பிரித்துவிட்டு நட வேண்டும். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. பிறகு மரம் காற்றுக்குச் சாய்கிறது என்று வருந்துகிறார்கள். களிமண்ணாக இருந்தால் மேடு கட்டி நடுங்கள், அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. முதல் இரண்டு கோடைக்கும் வாரம் இருமுறை தண்ணீர், அடியில் சருகு மூடாக்கு, ஆடு கடிக்காமல் முள்வேலி. இவை போதும். அழகுக்காக வெட்டிக்கொண்டே இருக்க வேண்டாம். தலை தானாகவே குடையாக விரியும்.

மகிழம் மெதுவாகத்தான் வளரும். அதற்காக வேகமாக வளரும் மரத்துக்கு மாறிவிடாதீர்கள். இந்தப் புரட்டாசியிலேயே ஒரு மகிழங்கன்று நட்டுவிடுங்கள்.