விமானி காதில் மாட்டும் பழைய 'ஹெட்செட்': ஒரு சொட்டு 'சால்டர்' இடம் மாறினால் ஆபத்து!

விமானி காதில் மாட்டும் 'ஹெட்செட்' ஊமையாகிவிட்டால் உடனே குப்பையில் போட வேண்டியது இல்லை. 40 வருடம் உழைத்த செட்டைக்கூட மறுபடி பேச வைக்கலாம். ஆனால் பழுது பார்ப்பவர் கை தவறினால், ஆகாயத்தில் இருக்கும் மற்ற விமானிகளின் பேச்சும் அடைபட்டுப் போகும்!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

பச்சைக் கிண்ணம்

அமெரிக்காவில் வூஸ்டர் நகரில் இருக்கிறது டேவிட் கிளார்க் கம்பெனி. ஆரம்பத்தில் இது பெண்களின் உள்ளாடை தயாரித்தது. 2-வது உலகப்போரில் போர் விமானிகளுக்கு உடை தைத்தது. பிறகு 'ஜெமினி' விண்வெளி வீரர்களுக்கும் உடை தைத்தது.

1975-ல் சிறிய விமானங்களை ஓட்டுகிறவர்களுக்காக, இரைச்சலைத் தடுக்கும் ஹெட்செட்டை இந்தக் கம்பெனி விற்பனைக்குக் கொண்டு வந்தது. காதை மூடும் பச்சை நிறக் கிண்ணம்தான் அதன் அடையாளம். அந்தக் காலத்து செட்டுகள் பல இன்னும் உழைக்கின்றன. வாங்கியவர்களில் பலர் அவற்றைத் தாங்களே பழுது பார்த்துக் கொள்கிறார்கள்.

வயர்தான் வில்லன்

சத்தம் விட்டு விட்டுக் கேட்கிறதா? செட்டைக் கழற்றும் முன் பக்கத்து சீட்டு துளையில் சொருகிப் பார்க்க வேண்டும். அங்கே நன்றாகக் கேட்டால் கோளாறு விமானத்தில்!

அங்கேயும் கேட்காவிட்டால் பிளக்கில் படிந்த அழுக்கைத் துடைக்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் வயரை அசைத்துப் பார்க்க வேண்டும். பிளக்கின் கழுத்திலும், கிண்ணத்துக்குள் நுழையும் இடத்திலும்தான் வயர் மடங்கி மடங்கி உள்ளே அறுந்து போகும். 'மல்டிமீட்டர்' வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

வீட்டு ரேடியோவின் ஹெட்போன் உறுப்பை எடுத்து இதில் மாட்டக்கூடாது. விமான செட்டில் மின்தடை பல மடங்கு அதிகம். மைக்கும் வேறு ரகம். விமான ரேடியோ கொடுக்கும் மின்சாரத்தில்தான் அது வேலை செய்யும்.

இரண்டு பிளக்

செட்டில் 2 பிளக் உண்டு. தடித்தது காதுக்கு. மெலிந்தது மைக்குக்கு. ஆபத்து இருப்பது மெலிந்ததில்தான்!

அதில் 3 பகுதிகள். நடு வளையம் குரலைக் கொண்டு போகிறது. நுனி, பேசுவதற்கு அமுக்கும் பொத்தானுக்கு உரியது. உடல் பகுதி இரண்டுக்கும் பொது. ஒரு சொட்டு சால்டர் வழிந்து நுனியும் உடலும் ஒட்டிக்கொண்டால், பொத்தானை எப்போதும் அமுக்கிப் பிடித்த கதைதான். ரேடியோ ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். அந்த அலைவரிசையில் வேறு யார் பேச்சும் சரியாகக் கேட்காது.

583 பேர் பலி

ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசினால் என்ன ஆகும்? 1977-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி உலகமே பார்த்தது. ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீப் தீவின் விமான நிலையத்தில் கடும் மூடுபனி. கட்டுப்பாட்டுக் கோபுரமும் ஒரு விமானமும் ஒரே சமயத்தில் பேசின. கிளம்பத் தயாரான இன்னொரு விமானத்தில் சில வினாடிகள் 'கீச்' என்ற சத்தம் கேட்டது. எச்சரிக்கை அதில் அமுங்கிப் போச்சு. 2 ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் மாண்டார்கள்.

அங்கே ஹெட்செட் மீது குற்றம் இல்லை. வேறு பல காரணங்களும் இருந்தன. ஆனாலும் அடைபட்ட ஒரு பேச்சின் விலை என்ன என்பதை அந்த விபத்து காட்டியது.

காதுக்கும் காவல்

பேச்சு சரியானால் மட்டும் போதாது. காதைச் சுற்றியுள்ள மெத்தை காய்ந்து கெட்டியாகியிருந்தால் மாற்றிவிட வேண்டும். இடுக்கு வழியே என்ஜின் இரைச்சல் நுழைந்தால் நாளடைவில் காது மந்தமாகிவிடும். போன காது திரும்பாது!

எல்லாம் முடிந்ததும் தரையிலேயே ரேடியோவைப் போட்டுச் சோதிக்க வேண்டும். பொத்தானை அமுக்கினால் பேச வேண்டும். விட்டால் உடனே ஒலிபரப்பு நிற்க வேண்டும். நிற்கவில்லையா? அந்த செட்டை விமானத்தில் ஏற்றவே கூடாது.