வீட்டு முற்றத்தில் ஒரு மீட்டர் கேஜ்

குகட்பள்ளியில் வாழும் நமக்கு இருப்புப் பாதைக்குப் பஞ்சமில்லை. ஊருக்குத் தெற்கே போரபண்டா, ஹைடெக் சிட்டி, ஹாஃபீஸ்பேட்டை நிலையங்களைத் தொட்டுக்கொண்டு வாடி நோக்கிச் செல்லும் பாதை, நிஜாம் ஆட்சிக் காலத்தில், 1874-ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. இன்று அதன் இரு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட அகலம் 1676 மில்லிமீட்டர். 2017-ஆம் ஆண்டு நவம்பரில் நம் தலைக்கு மேலே தூண்களின்மீது ஓடத் தொடங்கிய மெட்ரோவின் பாதை 1435 மில்லிமீட்டர். இவ்விரண்டும் போதாவென்று 45 மில்லிமீட்டர் அகலத்தில் மூன்றாவது பாதையொன்றையும் நாம் இட்டிருக்கிறோம். ஹவுசிங் போர்டு காலனியில் பழைய தனிவீடொன்றின் பின்முற்றத்தில், 20 அடிக்கு 12 அடி இடத்தில், ஞாயிறுதோறும் காலையில் அது ஓடுகின்றது. தமிழ்க் குடும்பங்கள் நான்கு கூடிச் செய்த வேலை அது. அதைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுதுமாறு சங்கத்தார் கேட்டனர்.

முதலில் அந்த 45 மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறோம். பொம்மை ரயில்களுக்கு இன்னின்ன அகலம் என்று வரையறுத்து விற்கும் வழக்கத்தை 1891-இல் ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனத்தார் ஏற்படுத்தினர். அவ்வரிசையில் வந்த ஓர் அளவே 45. பின்னர் 1968-இல் நூரம்பர்க் நகரத்து லேமன் நிறுவனத்தார், வெயிலிலும் மழையிலும் தோட்டத்தில் கிடந்து ஓடக்கூடிய ரயில்களைச் செய்து வெளியிட்டனர். அவர்கள் எடுத்துக்கொண்ட மாதிரி அகலப் பாதையன்று. மலைநாட்டுச் சிற்றூர்களில் ஓடிய மீட்டர் பாதை. உண்மை வண்டியை இருபத்திரண்டரையில் ஒரு பங்காகச் சுருக்கினார்கள். 1000 மில்லிமீட்டரை இருபத்திரண்டரையால் வகுத்துப் பாருங்கள். நாற்பத்து நான்கும் சொச்சமும் வரும். ஆகவே, உலகெங்கும் தோட்டத்து ரயில்காரர்கள் பயன்படுத்தும் பாதை, கணக்குப்படி பார்த்தால், நம் விழுப்புரம், மாயவரம், கும்பகோணம் வழியே ஓடிய அதே மீட்டர் கேஜ்தான். இதை அறிந்த அன்றே எந்த வண்டியைச் செய்வது என்ற கேள்வி நமக்கு இல்லாமற் போயிற்று.

மீட்டர் கேஜ் என்றால் என்னவென்று நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரிய நியாயமுமில்லை. 1870-இல் மேயோ பிரபுவின் அரசாங்கம் செலவைக் குறைக்க வேண்டித் தேர்ந்தெடுத்த அளவு அது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை வழியாகத் திருச்சிக்குச் சென்ற பாதை 1860களில் அகலப் பாதையாகவே தொடங்கி, 1870களில் மீட்டர் பாதையாகக் குறுக்கப்பட்டு, நம் காலத்தில் மீண்டும் அகலமாயிற்று. ஒரே மண்ணில் மூன்று முறை தண்டவாளம் மாறியது! சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இல் மின்சாரத்தில் ஓடத் தொடங்கிய மீட்டர் கேஜ் வண்டிகள் 2004-இல் நின்றன. 1992-இல் தொடங்கிய ஒரே அகலத் திட்டத்தால் ஒவ்வொரு பகுதியாக மாற்றப்பட்டு, இன்று தமிழ்நாட்டில் எஞ்சியிருப்பது மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் 46 கிலோமீட்டர் மலைப்பாதை ஒன்றுதான். இங்கே ஹைதராபாத்திலும் அப்படியே. 1916-இல் கட்டிய கச்சிகூடா நிலையத்தின் கும்மட்டங்கள் நிற்கின்றன. அதன் மீட்டர் கேஜ் போய்விட்டது. நம் நான்கு குடும்பங்களில் இரண்டில் பாட்டனார்கள் அந்தப் பாதையில் வேலை பார்த்தவர்கள். ஒருவர் பாயின்ட்ஸ்மேன், மற்றவர் கார்டு. அவர்கள் சொன்ன சொற்கள் இருக்கின்றன. சொற்களுக்குரிய பொருள்களைத்தான் காட்ட முடியவில்லை.

தோட்டத்தில் ரயில் ஓட்டுவது வெள்ளைக்காரர்களின் வேடிக்கை என்று சில அன்பர்கள் எண்ணக்கூடும். குவாலியர் மகாராஜா மாதவராவ் சிந்தியாவின் கதையை அவர்கள் கேட்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அவர் தம் அரண்மனை வளாகத்தில் இரண்டடி அகலத்தில் விளையாட்டாக ஒரு பாதை இடச் செய்தார். அந்த விளையாட்டு அரண்மனை மதிலைத் தாண்டி வளர்ந்து, குவாலியர் இலகு ரயில்வே என்று பெயர் பெற்று, 1909-க்குள் ஷியோபூர் வரை ஏறக்குறைய 200 கிலோமீட்டர் நீண்டது. கூரைமீதும் மக்கள் உட்கார்ந்து சென்ற அந்தச் சிறு வண்டி 2020-இல்தான் நின்றது. அதே மகாராஜா விருந்து மேசையின்மேலும் வெள்ளியில் ஒரு ரயில் ஓடவிட்டார். உணவுக்குப் பிறகு மதுவும் சுருட்டும் ஏற்றிக்கொண்டு விருந்தினரைச் சுற்றி வரும்; எவரேனும் புட்டியைத் தூக்கினால் வண்டி தானே நின்றுவிடும். இன்றும் அது ஜெய் விலாஸ் அரண்மனைக் காட்சிக்கூடத்தில் இருக்கின்றது. மேசை ரயிலைப் பெரிய விஷயமாக நாம் கருதவில்லை. தோட்டத்தில் ஓடிய பொம்மை பிற்பாடு ஊராருக்குப் பயன்பட்டதே, அது பெரிது.

மகாராஜாவாக இருந்தால்தான் இது முடியும் என்பதுமில்லை. புனாவில் கோத்ருட் பகுதியில் பாவ்சாகேப் ஜோஷி என்பவர் தம் வாழ்நாள் முழுவதும் சேர்த்தும் செய்தும் வந்த சிறு ரயில்களைக் கொண்டு 1998-இல் ஒரு காட்சிச்சாலையே திறந்தார். அது வீட்டுக்குள் ஓடும் சிறிய அளவு; எண்பத்தேழில் ஒரு பங்கு. புனா செல்லும் அன்பர்கள் குழந்தைகளுடன் அவசியம் பார்த்து வர வேண்டும்.

இனி நம் பாதைக்கு வருவோம். ஜெர்மன் எஞ்சின் ஒன்றின் விலை ஒரு குமாஸ்தாவின் மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். ஆதலால் கடைச் சரக்கு வேண்டாம் என்று முதலிலேயே தீர்மானித்தோம். தண்டவாளத்துக்கு அலுமினியப் பட்டை. தச்சுப் பட்டறையில் மீந்த தேக்குத் துண்டுகளை அறுத்து சிலிப்பர் கட்டைகள். மீட்டர் கேஜின் கட்டை ஆறடி நீளம். நமக்கு அது எட்டு சென்டிமீட்டர். ஒவ்வொன்றிலும் இரண்டு பள்ளம் வெட்டிப் பட்டையைச் செருக வேண்டும். பாதையின் சுற்றளவு சுமார் 45 அடி. அதற்கு ஏறத்தாழ 400 கட்டைகள் ஆயின. பள்ளம் வெட்டும் வேலையைப் பிள்ளைகளிடம் விடாமல் பெரியவர்கள் செய்தோம்; பழைய எஞ்சின் எண்ணெயில் தோய்த்துக் காயவைக்கும் வேலையைப் பிள்ளைகள் ஏற்றுக்கொண்டனர். அதற்குப் பிறகு அவர்களுடைய சட்டைகளைப் பற்றி வீட்டுப் பெண்மணிகள் கூறியவற்றை இங்கே எழுதுவதற்கில்லை. சக்கரங்களைப் பாலாநகர் லேத் பட்டறையொன்றில் கடைந்து வாங்கினோம்.

வளைவில்தான் கணக்கு இடித்தது. மீட்டர் கேஜில் அனுமதிக்கப்பட்ட மிகக் கடுமையான வளைவின் ஆரம் 109 மீட்டர். அதைச் சுருக்கினாலும் நமக்குக் கிட்டத்தட்ட 5 மீட்டர் வேண்டும். வட்டமாகத் திரும்ப 10 மீட்டர். நம் முற்றமோ மூன்றரை மீட்டருக்குச் சற்று அதிகம். எனவே 1.2 மீட்டர் ஆரத்தில் வளைத்து, அதற்கேற்பப் பெட்டிகளையும் குட்டையாக்கினோம். உண்மை அளவில் செய்திருந்தால் ஒரு பயணிப் பெட்டி 85 சென்டிமீட்டருக்கு மேல் வரும், நம்முடையது 45. பழகிய கண்ணுக்கு அது தெரியும். குழந்தைகளின் கண்ணுக்குத் தெரியவில்லை.

அடுத்தது வெயில். ஹைதராபாத்தின் தை மாத விடியற்காலைக்கும் சித்திரை நடுப்பகலுக்கும் இடையே, மண்ணில் கிடக்கும் உலோகத்தின் சூடு 40 பாகை வரை எளிதில் மாறும். 45 அடி அலுமினியம் அந்தச் சூட்டில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளும். இடம் விடாவிட்டால் பாதை பாம்பாக நெளியும். பெரிய பாதையில் தண்டவாள முனைகளுக்கிடையே இடைவெளி விட்டதும், மீட்டர் கேஜ் பயணத்தில் நம் காதுகளில் தாளம் போட்டதும் இதே காரணத்தால்தான். நாமும் நான்கடிக்கொரு இணைப்பு வைத்து இடைவெளி விட்டோம். வண்டி அவற்றின்மேல் ஏறும்போது மெல்லிய ‘டக் டக்’ ஓசை கேட்கும். நீண்ட தண்டவாளங்களைப் பற்றவைத்து இணைக்கும் இக்காலத்தில் பெரிய ரயிலில் அவ்வோசை பெரும்பாலும் இல்லை.

மழைக்காகப் பாதையின் அடியில் அரையடி பள்ளம் தோண்டி, உடைத்த செங்கல் நிரப்பி, மொரம் மண் இட்டுக் கெட்டித்து, அதன்மேல் சன்னச் சல்லி பரப்பினோம். முதல் ஆடி மழையில் ஒரு மூலையில் சல்லி முழுதும் கழன்று துளசி மாடத்தின் அடியில் போய்ச் சேர்ந்தது. அங்கே வடிகால் குழாய் வைத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. தண்டவாளத்தில் மின்சாரம் விடும் முறையை நாம் கைக்கொள்ளவில்லை. வேப்பிலைச் சருகும் தூசியும் படியும் இடத்தில் அது நாள்தோறும் துடைக்கும் வேலை. எஞ்சினுக்குள்ளேயே பேட்டரி வைத்துவிட்டோம். நம் வண்டி இரண்டு பெட்டிகளை இழுக்கும் டீசல் எஞ்சின். 1960களில் மீட்டர் பாதைக்கு வந்த ஒய்.டி.எம். 4 வகையின் சாயலில் ஒட்டுப்பலகையால் செய்தது. வேகத்தையும் இருபத்திரண்டரையால் வகுத்தோம். மணிக்கு 45 கிலோமீட்டர் என்பது நமக்கு மணிக்கு 2 கிலோமீட்டர். ஒரு சுற்று 25 விநாடி. குழந்தைகள் முதலில் இன்னும் வேகம் வேண்டும் என்றார்கள். இரண்டு ஞாயிறு கழிந்ததும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். ஏனெனில் அவர்களுக்கு அதற்குள் வேறு வேலை வந்துவிட்டது.

அந்த வேலையைத்தான் நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறோம். பாதையில் வண்டியைச் சுற்றவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் அரைமணியில் சலிப்புத் தட்டும். ரயிலை ரயில்வேயாக நடத்தினால் சலிப்பதில்லை. முற்றத்தின் இரு பக்கமும் இரண்டு நிலையங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று கடக்க ஏதுவான கிளைப்பாதை. இரண்டாவது எஞ்சின் ஒன்றும் செய்து, இரு வண்டிகளை எதிரெதிராக ஓட்டினோம். ஒற்றைப் பாதையில் எதிர் வண்டியுடன் மோதாமல் காப்பது எது? டோக்கன். இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பாதைக்கு ஒரு சமயத்தில் ஒரு பந்துதான் வெளியே வரும். பந்து கையில் இல்லாத டிரைவர் நிலையத்தை விட்டு நகரக்கூடாது. பெரிய ரயிலில் அந்த இரும்புப் பந்தைப் பையிலிட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி, ஓடும் வண்டியில் கைக்குக் கை மாற்றுவார்கள். நம் பிள்ளைகள் பேரிங் குண்டைத் துணிப்பையில் கட்டி, அம்மாவின் பழைய வளையலில் தொங்கவிட்டுக்கொண்டார்கள். பாதையின் இரு பாதிகளுக்கும் சிவப்புக் குண்டொன்று, பச்சைக் குண்டொன்று. ஒன்பது வயதுப் பையன் ஒருவன், தன் அண்ணன் கெஞ்சியும், சிவப்புக் குண்டு வந்து சேரும்வரை வண்டியை விடமாட்டேன் என்று நின்றான். பாயின்ட்ஸ்மேனாக இருந்தவரின் பேரன் அவன்.

நிலையங்களுக்குப் பெயர்ப்பலகை வேண்டுமல்லவா? மஞ்சள் நிறத்தில் கறுப்பெழுத்து. வாராவாரம் பலகையை மாற்றுவது என்று வைத்துக்கொண்டோம். ஒரு வாரம் சிதம்பரமும் சீர்காழியும். மறுவாரம் கும்பகோணமும் தஞ்சாவூரும். நிலைய அதிகாரியாக இருக்கும் குழந்தை வண்டி வரும்போது ஊர்ப்பெயரைப் படித்து அறிவிக்க வேண்டும். பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் இந்தியும் படிக்கும் குழந்தைகள் இவர்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், எழுத்துக்கூட்டத் தெரியாது. ‘சீர்காழி’யில் வரும் ழகரத்தைத் தெலுங்கில் தேடினால் கிடைக்காது. முதல் நாள் அதிகாரி ‘சீர்காளி’ என்று அறிவித்தாள். எதிர்ப்பக்கத்துச் சிறுமி, அப்படியொரு ஊருக்கு நம்மிடம் டிக்கெட் இல்லை என்று வண்டியை வாங்க மறுத்துவிட்டாள். எட்டு நிமிடம் போக்குவரத்து ஸ்தம்பித்தது. பெரியவர்கள் தலையிடவில்லை. பிறகு ழகரம் சரியாக வந்தது, வண்டியும் வந்தது. இப்போது ஐந்து குழந்தைகள் சென்னையிலிருந்து திருச்சி வரை பிரதான பாதையின் நிலையங்களைத் தமிழில் படிக்கிறார்கள்.

இனி ஒரு கவலை. நம் பகுதியில் தனிவீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து அடுக்குமாடிகளாகி வருவதை வாசகர்கள் அறிவார்கள். முற்றம் தந்த வீட்டுக்காரரின் முறையும் வந்துவிட்டது. வருகிற தைக்குள் வீட்டைக் கட்டடக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர்மேல் குறையில்லை, இரண்டு ஆண்டுகள் ஒரு காசு வாடகை கேளாமல் இடம் விட்டவர். பாதை நான்கடித் துண்டுகளாகக் கழலும்படி இருப்பதால், ஒரே காலையில் பெயர்த்துச் சாக்கில் கட்டிவிடலாம். போடுவதற்கு இடந்தான் வேண்டும். மொட்டை மாடியானாலும் சரி. ஆனால் தளத்தின் சூடு மண்ணைவிட அதிகமாதலால், இணைப்பு இடைவெளியை இன்னும் அரை மில்லிமீட்டர் கூட்ட வேண்டியிருக்கும். குறைந்தது 18 அடிக்கு 10 அடி, தண்ணீர்த் தொட்டியின் மறைப்பு இல்லாமல், குழந்தைகள் ஏறி இறங்கக் கைப்பிடிச்சுவர் உள்ளதாக இருப்பின் நலம். இடம் தர இயன்றோர் மாதக் கூட்டத்தில் செயலாளரிடம் சொல்லலாம். பொங்கலுக்கு முன் கடைசி ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பழைய முற்றத்தில் வண்டி ஓடும். அன்றைய பலகைகள் விழுப்புரம், மாயவரம்.